களிம்புக்கு ஏற்ற கலன்

முகப்பூச்சு ஒன்று ஆலையில் அடைபட்ட நாள் முதல் கடைசிச் சொட்டு தீரும் நாள் வரை இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை காலமும் அதற்குக் காவல் ஒரு புட்டியோ டியூபோ டப்பாவோதான். பொருளைக் கெடுக்கும் ஆக்சிஜனும் ஒளியும் நுண்ணுயிரும் கலனின் சுவரைத் தாண்டியோ வாய் வழியாகவோதான் உள்ளே வர முடியும். உள்ளிருக்கும் நீரும் நறுமணமும் வெளியேறுவதும் அதே வழிகளில்தான். எனவே கலவையை வடிவமைக்கும் வேதியியலாளரின் மேசையிலேயே கலனும் முடிவாக வேண்டும். பல சிறு நிறுவனங்களில் நடப்பது வேறு. கலவை முடிந்து, பெயர் வைத்து, லேபிளும் வரைந்த பிறகு, மொத்த விற்பனைக் கடையில் பார்வைக்கு நன்றாக இருந்த புட்டி வாங்கப்படுகிறது. நிறம் மாறிவிட்டது, மூடி ஒழுகுகிறது, மணம் போய்விட்டது என்று சில மாதம் கழித்து வரும் புகார்களின் வேர் பல நேரங்களில் இங்கேதான் இருக்கிறது.

எதனால் கெடும்?

அடைக்கப்போகும் பொருள் எதனால் கெடும் என்பதே முதல் கேள்வி. இதை விளக்க வைட்டமின் சி சீரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அதில் உள்ள எல்-அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமாகிறது. அதன்பின் நீரால் சிதைந்து, மீட்க முடியாத வேறு பொருட்களாகிறது. நிறமற்ற சீரம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பழுப்பாவது இந்தச் சிதைவின் தடயம். இரும்பு, செம்பு அயனிகள் மிகச் சிறு அளவில் இருந்தாலும் வினை வேகமெடுக்கும். இந்த அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கலவையின் பி.எச். 3.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2001இல் காட்டினர். அவ்வளவு அமிலத்தன்மை உள்ள திரவம் பம்பின் எஃகு ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

காற்றின் பங்கை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 30 மி.லி. சொட்டுப் புட்டியில் 15 சதவீத வைட்டமின் சி சீரம் பாதி மீதம் இருக்கிறது. திரவம் 15 மி.லி., மேலே காற்று 15 மி.லி. திரவத்தில் உள்ள அஸ்கார்பிக் அமிலம் சுமார் 2.25 கிராம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் சுமார் 3 மி.லி. அது முழுவதும் வினைபட்டால் மீதமிருக்கும் வைட்டமினில் 1 முதல் 2 சதவீதம் போகும். இழப்பு சிறிதுதான் என்று தோன்றும். ஆனால் தினமும் மூடியைத் திறந்து, சொட்டுக்குழாயை அழுத்தி, புதுக் காற்றை உள்ளே தள்ளும்போது கணக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குகிறது. சீரம் குறையக் குறைய, மேலிருக்கும் காற்று பெருகி, காக்க வேண்டிய வைட்டமின் சுருங்குகிறது. கடைசிக் கால் பங்கு மற்றதைவிட வேகமாகப் பழுப்பேறுவதன் காரணம் இதுவே. 30 மி.லி. புட்டிக்குப் பதில் 10 மி.லி. புட்டிகள் மூன்றாக விற்றாலே சேதம் கணிசமாகக் குறையும். விலை கூடினாலும் இந்தப் பொருளுக்கு அது நேர்மையான தீர்வு.

ரெட்டினாலுக்கு ஆக்சிஜனோடு ஒளியும் பகை. அது புற ஊதாக் கதிரை மிக அதிகமாக உறிஞ்சுவது 325 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி; உறிஞ்சிய ஆற்றலே அதன் மூலக்கூறைச் சிதைக்கிறது. நிறமற்ற கண்ணாடி யூ.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இரும்பும் கந்தகமும் கார்பனும் சேர்த்து உருக்கிய ஆம்பர் கண்ணாடி 450 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியில் மிகப் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மருந்துக் கடைகளில் பழுப்புப் புட்டி நிலைத்ததன் அறிவியல் இதுதான். கோபால்ட் நீலப் புட்டியும் அடர்ந்த நிறமாகத் தெரிவதால் அதே காவலைத் தரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் நீல ஒளியையும் யூ.வி.ஏ.யில் நல்ல பங்கையும் அது கடத்திவிடும். கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிவதை வைத்து ஒளித்தடுப்பை எடைபோட முடியாது. அந்தக் கண்ணாடியின் ஒளி கடத்தும் வரைபடத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நலங்கு மாவு போன்ற உலர்பொடிகளுக்கு ஆபத்து ஈரத்திலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் சாதாரண பாலித்தீன் பையில் இருக்கும் மாவு காற்றின் ஈரத்தை மெல்ல இழுத்துக் கட்டிதட்டும். அலுமினியத் தகடு உள்ள ஜிப் பை அதைத் தடுக்கும். ஆனால் குளியலறையில் ஈரக் கையை உள்ளே விட்டால் எந்தப் பையும் பூஞ்சையைத் தடுக்காது. பொடியைக் கொட்டி எடுக்கும்படியான குறுகிய வாயோ துளைமூடியோ தேவைப்படுவது இதனால்தான். வாஸ்லின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லிக்கு நீரும் இல்லை, எளிதில் ஆக்சிஜனேற்றம் ஆகும் கொழுப்பும் இல்லை. அதை ஏறக்குறைய எதில் வேண்டுமானாலும் அடைக்கலாம்.

சுவர் எதனால் ஆனது?

கண்ணாடி ஆக்சிஜனையும் நீராவியையும் கடத்துவதே இல்லை; எண்ணெயும் ஆல்கஹாலும் அதை ஒன்றும் செய்வதில்லை. வாசனைத் திரவியங்கள் அதைவிட்டு நகராததற்குக் காரணம் இதுதான். எடையும் உடையும் தன்மையும் அதன் குறைகள். சோப்பு நுரை படிந்த, ஓடு பதித்த தரையில் வழுக்கி விழும் கண்ணாடிப் புட்டி காலைக் கிழிக்கும் என்பதால் ஷாம்புவுக்கு அது உகந்ததல்ல.

பிளாஸ்டிக் என்ற ஒரே பெயரில் குணம் வேறான பல பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. கலனின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்தால் இன்னதென்று தெரியும்: 1 என்றால் பெட், 2 எச்.டி.பி.இ., 4 எல்.டி.பி.இ., 5 பாலிபுரொப்பிலீன். பெட் கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும். ஆக்சிஜனை ஓரளவு நன்றாகவே தடுக்கும். எச்.டி.பி.இ.யும் பாலிபுரொப்பிலீனும் அதைவிட ஏறத்தாழ 30 மடங்குக்கும் மேலாக ஆக்சிஜனைக் கசியவிடும். நீராவி விஷயத்தில் நிலைமை தலைகீழ்: அவை இரண்டும் பெட்டைவிட நன்றாக நீரைப் பிடித்துவைக்கும். நீர் மிகுந்த லோஷனுக்கு எச்.டி.பி.இ.யும், ஆக்சிஜனால் சிக்குவாடை அடிக்கும் விதை எண்ணெய்களுக்குப் பெட்டும் பொருந்துவது இதனால்தான். இரண்டும் வேண்டுமென்றால் அடுக்குச் சுவர் தேவை. ஈ.வி.ஓ.எச். என்ற பாலிமர் ஆக்சிஜனை மிக வலுவாகத் தடுக்கும். ஆனால் ஈரம் பட்டால் அந்த வலு குறைந்துவிடும். அதனால் அதை இரண்டு பாலித்தீன் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய படலமாக வைத்து டியூப் செய்கிறார்கள்.

பொருளும் சுவரும் ஒன்றையொன்று தாக்குவது இன்னொரு சிக்கல். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். எலுமிச்சை மணமுள்ள களிம்பைப் பாலிஸ்டைரீன் டப்பாவில் அடைத்தால் உட்புறம் மங்கி, பிசுபிசுத்து, விரிசல் விடும். விலையுயர்ந்த கிரீம்களுக்குப் பயன்படும் தடித்த அக்ரிலிக் டப்பா ஆல்கஹால் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் காணும். ஆகவே அக்ரிலிக்கை வெளித்தோற்றத்துக்கு மட்டும் வைத்து, கிரீமைத் தொடும் உட்கிண்ணத்தைப் பாலிபுரொப்பிலீனில் செய்வது வழக்கம். ஷாம்புவின் நுரைப்பொருள்கூட வலிமையானது. வளைந்தோ இறுக்கப்பட்டோ அழுத்தத்தில் இருக்கும் பாலித்தீனின் மேல் அது நெடுநாள் பட்டுக்கொண்டிருந்தால், புட்டியின் தோள்பட்டையிலோ அடிமூலையிலோ விரிசல் விழும். தயாரிப்பாளர்கள் இதற்கென்றே விரிசல் தாங்கும் எச்.டி.பி.இ. ரகங்களைத் தனியே கேட்டு வாங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இழப்பும் உண்டு: நறுமணமும் சில பாதுகாப்புப் பொருட்களும் பிளாஸ்டிக்குக்குள் ஊறிப் போய்விடும். புட்டி சேதமில்லாமல் இருக்கும். உள்ளிருக்கும் கிரீம் கிருமியை எதிர்க்கும் வலுவை இழந்திருக்கும்.

அலுமினிய டியூபுக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு நற்குணம் உண்டு: அமுக்கினால் அமுக்கியபடியே நிற்கும். பிளாஸ்டிக் டியூப் விரல் எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பி, வாய் வழியே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியம் அப்படிச் செய்யாததால் உள்ளே காற்றுக்கு இடமே உருவாவதில்லை. காற்றுப் பட்டாலே கறுக்கத் தொடங்கும் தலைமுடிச் சாயக் கிரீம் இன்றும் அலுமினிய டியூபில் வருவது இதனால்தான். அதன் காரத்தன்மை உலோகத்தை அரிக்காதபடி உட்புறத்தில் பாதுகாப்புப் பூச்சு கொடுப்பார்கள். அதே பெட்டியில் உடன்வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவை உலோகத்தைத் தொட்டால் வேகமாகச் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும் என்பதால் அது பிளாஸ்டிக் புட்டியில் வரும். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரு கலன்களும் வேறுபட்டிருக்க இப்படித் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

கலனின் வடிவமும் வேதியியலுக்கு வெளியே சில சோதனைகளைத் தாண்ட வேண்டும். பாராசூட் தேங்காய் எண்ணெய் 1980களில் தகர டின்னிலிருந்து பிளாஸ்டிக் புட்டிக்கு மாறியபோது, மளிகைக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். அதற்கு முன் வந்த சதுரப் பிளாஸ்டிக் புட்டிகளை எலிகள் கடித்து, எண்ணெய் கடையெங்கும் வழிந்திருந்தது. பாராசூட்டைத் தயாரித்த நிறுவனத்தின் ஹர்ஷ் மாரிவாலா தலைமையிலான குழு உருண்டை வடிவப் புட்டியைக் கொண்டுவந்தது. மூலை இல்லாத வழவழப்பான பரப்பில் எலியின் பல்லுக்குப் பிடி கிடைக்கவில்லை. கூண்டில் எலிகளோடு புட்டிகளைப் போட்டுவைத்து அதைச் சோதித்தும் காட்டினார்கள். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு பிரச்சினை, சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடுவது. சென்னையில் குறுகிய வாய்ப் புட்டி போதும். ஊட்டியிலும் வட இந்தியக் குளிர்காலத்திலும் விரலால் எடுக்கும் அகன்ற வாய் டப்பா வேண்டும்.

எப்படி வெளியே வருகிறது?

அகன்ற வாய் டப்பாவில் ஒவ்வொரு தடவை விரல் விடும்போதும் தோலின் கிருமிகளும் குழாய் நீரும் உள்ளே போகின்றன. நீர் கலந்த கிரீமில் அவை பெருகும். கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானவற்றிலும் கிராமுக்கு 100 நுண்ணுயிர்களுக்கு மேலும், மற்றவற்றில் 1,000க்கு மேலும் இருக்கலாகாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 17516 தரநிலை. இந்த எல்லைக்குள் நிறுத்தப் பாதுகாப்புப் பொருள் சேர்க்கிறார்கள். அதற்கும் உச்சவரம்பு உண்டு. பரவலாகப் பயன்படும் ஃபீனாக்ஸி எத்தனாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு 1 சதவீதம். அந்த வரம்புக்குள் பாதுகாப்புப் பொருளின் வேலையை எளிதாக்குவது கலன்தான். விரல் படாத டியூபுக்கோ பம்புக்கோ மாற்றினால் உள்ளே புகும் கிருமிகள் வெகுவாகக் குறையும். கெட்டியான உடல் வெண்ணெய் பம்பில் ஏறாது என்பதால் டப்பா தவிர்க்க முடியாததாகிறது. அப்போது சிறு கரண்டி ஒன்று உடன் வைப்பது அவசியம். மஸ்காரா தூரிகை இமையிலிருந்து நேரே புட்டிக்குள் திரும்புவதால் அந்தப் பொருளின் ஆயுளைச் சில மாதங்களுக்கு மேல் நீட்டுவது புத்திசாலித்தனமல்ல.

பம்புகளில் இன்று அதிகம் பேசப்படுவது ஏர்லெஸ் பம்ப். பெயரைக் கேட்டு உள்ளே வெற்றிடம் இருப்பதாக எண்ணக் கூடாது. புட்டியின் அடியில் சிறு துளையும், அதற்கு மேல் சுவரோடு ஒட்டி நகரும் ஒரு பிஸ்டனும் இருக்கும். மேலே அழுத்தி ஒரு துளி எடுத்ததும் உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழிருந்து மேலே தள்ளி அந்த இடத்தை நிரப்புகிறது. காற்று பிஸ்டனுக்குக் கீழே நின்றுவிடுகிறது, கிரீமைத் தொடுவதில்லை. உறிஞ்சுகுழல் இல்லாததால் புட்டியைக் கவிழ்த்தும் பயன்படுத்தலாம். இன்னொரு வகையில் பிஸ்டனுக்குப் பதில் உள்ளே சுருங்கும் பை இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனங்களையும் தெரிந்து வாங்க வேண்டும். நிரப்பும்போது கிரீமில் காற்றுக் குமிழ் சிக்கிவிட்டால் பம்ப் இழுக்காது. புட்டியின் உட்சுவர் சற்றே கோணலாக இருந்தாலும் பிஸ்டன் ஓரத்தில் கிரீம் கசியும். பம்பின் மூக்கு நுனியில் நிற்கும் துளி காற்றில் காய்ந்தும் கறுத்தும் போகும். அதனால் தானே மூடிக்கொள்ளும் வாய் உள்ள ரகம் மேல். எல்லாவற்றையும்விட, பெரும்பாலான ஏர்லெஸ் புட்டிகளின் சுவர் பாலிபுரொப்பிலீன். அது ஆக்சிஜனைக் கசியவிடும் என்று மேலே பார்த்தோம். மாய்ஸ்சரைசருக்கு அது பாதகமில்லை. வைட்டமின் சி சீரத்துக்கு ஈ.வி.ஓ.எச். அடுக்கோ அலுமினிய அடுக்குள்ள பையோ சேர்ந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கும் திரவம் ஓடும் பாதைக்கு வெளியே அமைந்திருக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒன்று

ஒருமுறை கிழித்தால் தீர்ந்துவிடும் உறைக்குள் கிருமி புகவோ காற்று ஏறவோ நேரமே இல்லை. அறிவியல் நோக்கில் ஷாம்பு சாஷே மிகச் சிறந்த கலன்களில் ஒன்று. இந்தியாவில் அதன் வரலாறு கடலூரோடு பிணைந்தது. அங்கே சின்னி கிருஷ்ணன் திரவங்களைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து விற்கும் முறையை உருவாக்கினார். அந்த வழியில் வெல்வெட் ஷாம்பு வந்தது; 1983இல் அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். புட்டி வாங்கக் கையில் காசில்லாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஷாம்பு போய்ச் சேர்ந்தது இந்த உறைகளில்தான்.

அந்த உறையின் வலிமையே அதன் சுமையும் ஆகிவிட்டது. அச்சிடுவதற்கு வெளியே பெட் படலம், காற்றையும் ஒளியையும் தடுக்க நடுவே உலோகப் பூச்சு, சூட்டில் ஒட்டுவதற்கு உள்ளே பாலித்தீன். இந்த மூன்றையும் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது. ஒரு சாஷேயின் எடை மிகக் குறைவு என்பதால் குப்பை பொறுக்குபவர்கள் அதைக் குனிந்து எடுப்பதும் இல்லை. ஒற்றைப் பொருளால் ஆன உறைகளை உருவாக்கும் முயற்சி நடக்கிறது. தடுப்பு வலிமையை இழக்காமல் அதைச் செய்வதுதான் கடினம்.

கடைக்குப் போகுமுன்

காகிதத்தில் பொருந்துவது கலனில் பொருந்தும் என்று கொள்ள முடியாது. உண்மையான கலவையை உண்மையான கலனில் அடைத்து, 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். நிறம், மணம், பி.எச்., கெட்டித்தன்மை ஆகியவற்றோடு, கலனின் எடையையும் இடைவெளி விட்டு நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் நீர் சுவர் வழியாகவோ மூடி வழியாகவோ போகிறது என்று பொருள். புட்டிகளைப் படுக்கவைத்தும் தலைகீழாகவும் சேமிப்பது, காற்று அழுத்தம் குறைந்த அறையில் வைத்து ஒழுகல் பார்ப்பது, குறிப்பிட்ட உயரத்திலிருந்து போடுவது, மூடியைத் திறக்கத் தேவைப்படும் முறுக்கு விசையை அளப்பது ஆகியவையும் இதில் அடங்கும். ஒழுகலில் பெரும்பகுதி சுவரில் நிகழ்வதில்லை. மூடியும் கழுத்தும் சேருமிடத்தில் நிகழ்கிறது. புட்டி ஓரிடத்திலும் மூடி வேறிடத்திலும் மலிவாக வாங்கினால் இழைகள் பொருந்தாமல் போவது சாதாரணம். புட்டியையும் மூடியையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

லேபிளும் கலனின் பகுதியே. 2020ஆம் ஆண்டின் இந்திய அழகுசாதன விதிகள் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண், உரிம எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, உட்பொருள் பட்டியல் முதலியவற்றைக் கோருகின்றன. சிறு புட்டியில் தேவையானவற்றைப் படிக்கும் அளவில் அச்சிட இடம் இருக்கிறதா என்று முன்பே பார்க்காதவர்கள் கடைசியில் அட்டைப் பெட்டி சேர்க்க நேரிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருட்களில் திறந்த டப்பாப் படமும் அதில் 6, 12 என்று மாத எண்ணிக்கையும் இருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். எண்ணெய் வழியும் புட்டிக்கும் ஈரம் படும் புட்டிக்கும் காகித லேபிள் ஒத்துவராது. பிளாஸ்டிக் படல லேபிள்தான் மை கலையாமல் நிற்கும்.

காலியான பிறகு

மறுசுழற்சி நிலையத்தில் கலன்களைத் தரம்பிரிக்கும் இயந்திரம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்துப் பிளாஸ்டிக் வகையைக் கண்டுகொள்கிறது. கார்பன் கருமை சேர்த்த கறுப்புப் புட்டி அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்கு அது இல்லாத பொருளாகிறது. சிறு மூடிகளும் லிப்ஸ்டிக் குழாய்களும் சல்லடையில் விழுந்துவிடும். எஃகு ஸ்பிரிங்கும் கண்ணாடிக் குண்டும் பல பிளாஸ்டிக்குகளும் கலந்த பம்பைக் கழற்றாமல் போட்டால் புட்டியின் நல்ல பிளாஸ்டிக்கும் கெடும். தடித்த பளபளப்புக்காக விரும்பப்படும் பெட்-ஜி, பார்வைக்குப் பெட் போலவே இருந்தும் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெட் குவியலில் கலந்தால் தொல்லை. நிறமற்ற ஒற்றைப் பிளாஸ்டிக், எளிதில் கழலும் மூடி, முழுப் புட்டியையும் சுற்றாத லேபிள் என்று தொடக்கத்திலேயே தேர்ந்தால் பொருளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மறுநிரப்பு முறையிலும் பொருளின் இயல்பே வழிகாட்டி. ஷாம்பு, கை கழுவும் திரவம் போன்றவற்றைப் பெரிய பையிலிருந்து பழைய புட்டிக்குள் ஊற்றலாம். கழுவி முழுதும் உலர்த்திய பிறகே ஊற்ற வேண்டும். ஓரத்தில் தேங்கிய நீர்த்த எச்சத்தில் பாதுகாப்புப் பொருள் செறிவு குறைந்து, கிருமிகள் படலமாகப் படிந்திருக்கக்கூடும். முகக் கிரீமுக்கும் சீரத்துக்கும் இந்த முறை ஆகாது. அவற்றுக்கு வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு, ஆலையிலேயே நிரப்பி முத்திரையிட்ட உட்கலனை மட்டும் மாற்றும் அமைப்பு பொருந்தும்.